ராஜா இரண்டு தடவை செத்த நாடகம்

என் மாமியாருக்குக் காது கேட்காது. சின்ன வயதில் கண்ட வைசூரி, கண்ணை விட்டுவிட்டுக் காதைக் கொண்டுபோய்விட்டதாம். தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் உரக்கத்தான் பேசுவார். தென்காசியில் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே எங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துவிடும்.

எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆனி. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்தது. குளிக்க வரும் வெளியூர்க் கூட்டத்தை நம்பி ஒரு நாடகக் கம்பெனி தென்காசியில் தகரக் கொட்டகை போட்டது. என் கணவர் டிக்கெட் வாங்கிவந்தார். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். என்னோடு உட்கார வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். புதுப்பெண்ணைத் தனியாக உட்காரவைக்க மனமில்லாமல் கணவர் தன் அம்மாவைக் கெஞ்சினார்.

“எனக்கு என்னத்துக்குலே நாடகம்? பொம்மையப் பாக்க மாதிரி பாத்துட்டு வரணுமாக்கும்?” என்று சலித்துக்கொண்டாலும், ஒரு பொட்டலம் வறுகடலையோடு கிளம்பிவிட்டார்.

நாட்டை இழந்து காட்டுக்குப் போகும் ஒரு ராஜாவின் கதை. ராணி வேஷம் கட்டியவரும் ஆண்தான். பாட்டெல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று சாரல் மழையாக வலுத்தது. தகரத்தின்மேல் மூட்டை மூட்டையாக உளுந்தைக் கொட்டுவதுபோல் இரைச்சல். மேடையில் வாய் அசைகிறது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆண்கள் பக்கம் சிலர் எழுந்து துண்டை உதறினார்கள். எனக்கு அழுகையே வந்தது.

அப்போது மாமியார் என் தோளைத் தட்டினார்.

“‘அழாதீங்க ராணி, ராசா திரும்பி வருவாரு’ன்னு தோழி சொல்லுதா. அதுக்கு ராணி, எப்ப வருவாருங்கா.”

நான் திகைத்துப்போனேன். அவர் நடிகர்களின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் அப்படித்தான் உலகத்தைக் கேட்டிருக்கிறார்! அவர் குரலுக்கு அந்த மழை ஒரு பொருட்டில்லை. சுற்றியிருந்த பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவர் சொல்வதை முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது. நடுநடுவே, “இவன் முழியே சரியில்ல, துரோகந்தான் பண்ணுவான்” என்று மந்திரியைப் பற்றித் தன் கருத்தையும் சேர்த்துக்கொண்டார்.

காட்டில் ராஜா அம்பு பட்டு விழுந்தார். தேடி வந்த ராணி அவர் தலையை மடியில் வைத்து மார்பில் அடித்துக்கொண்டாள். நாங்கள் முந்தானையை எடுத்தோம். மாமியாரோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“என்ன அத்தை?” என்று கையால் கேட்டேன்.

அவர் பதில் சொல்ல வாயெடுக்கவும், மழை சட்டென்று நிற்கவும் சரியாக இருந்தது. கொட்டகை முழுக்க அவர் குரல் ஒலித்தது:

“முதுகுக்கு அடியில தண்ணி ஓடுதாம்! சீக்கிரம் அழுது முடிங்கான் ராசா!”

செத்துக்கிடந்த ராஜாவின் வயிறு மெல்லக் குலுங்கியது. பிறகு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, பெண்கள் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

“நெசந்தான் தாயே! முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு!”

கொட்டகையே அதிர்ந்தது. ராணி மீசை நிழல் தெரியச் சிரித்தாள். கூட்டம் அடங்கியதும் ராஜா நனையாத இடமாகப் பார்த்துப் படுத்து மறுபடி செத்தார். அந்தச் சாவுக்கும் நாங்கள் உண்மையாகவே அழுதோம் என்பதுதான் ஆச்சரியம்.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு வேறொரு கவலை. மாமியார் எதிரிலேயே நானும் கணவரும் மெல்லிய குரலில் எத்தனையோ பேசியிருக்கிறோம். தெருவிளக்கடியில் நின்று, அவர் பார்க்கும்படி கேட்டேன்: “அத்தை, நாங்க பேசுததும் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமயாட்டி இருக்கும்? என் ரசத்துல புளி கூடன்னு நீ இவன்கிட்ட சொன்னேல்லா, அது வாஸ்தவந்தான்” என்றார்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். அவரைப் பிடித்து நிறுத்தி, மாமியார் மீதிக் கடலையை அவர் கையில் கொட்டினார்.

“ஏலே, நாளைக்கு என்ன நாடகம்னு கேட்டியா?”