மங்களத்தின் மூக்கும் அழகேசனின் டப்பாக்களும்

அழகேசனுக்குச் செடி கொடிகளில் விருப்பம் கிடையாது. மண்ணூர்பேட்டையில் அவர் குடியிருக்கும் மாடி வீட்டின் பால்கனியில் பதினோரு தொட்டிகள் இருப்பதற்கு அதுவே காரணம் என்று சொல்லலாம். விருப்பமுள்ளவர்கள் நாலு தொட்டியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

முப்பத்தொரு வருஷம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். ஒரு நூலளவு பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் மனிதர், புதினா வாங்கி வரச் சொன்னால் கொத்தமல்லியோடு வருவார். அவர் மனைவி மங்களம் வேறு மாதிரி. சாமிக்குப் படைக்கும் முன் எதையும் வாயில் வைக்கமாட்டார். ரசம் நுரை கட்டும்போது ஆவியில் மூக்கை நீட்டுவார். உப்பு போதுமா போதாதா என்று தெரிந்துவிடும். உப்புக்கு வாசனையே இல்லை என்று படித்தவர்கள் சொல்லலாம். மங்களத்தின் ரசத்தைக் குடித்துவிட்டு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கின் வேலையையும் கொண்டுபோய்விட்டது. ஊதுவத்தியும் ஒன்றுதான், தீய்ந்த பாலும் ஒன்றுதான். அம்பத்தூரில் பார்த்த டாக்டர், "நரம்பு விஷயம்மா. வந்தாலும் வரும், வராமலும் போகும். காலையிலயும் சாயங்காலமும் வாசனையான பொருளா மோந்து பாருங்க" என்றார். மருந்து என்று எதுவும் எழுதவில்லை. மருந்து எழுதாத டாக்டரை நம்புவதா வேண்டாமா என்பதில் தம்பதிக்குள் இன்றுவரை ஒற்றுமை இல்லை.

மூக்கு போனாலும், படைக்கும் முன் ருசி பார்ப்பதில்லை என்ற மங்களத்தின் விதி போகவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பார் ஒரு வாரம் கடலாக இருக்கும், மறுவாரம் வெறும் பருப்புத் தண்ணீர்.

"உப்பு சரியா கீதா?"

"கரீக்டா கீது."

"போன வாரமும் இதான் சொன்னீங்க. அப்பால ஒரு சொம்பு தண்ணி குடிச்சீங்க."

"ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாரேன். சாமி இன்னா கோச்சுக்கவா போவுது?"

"நாப்பது வருஷமா வெச்சதில்ல. வேல செய்ற மூக்கு இருந்தப்போ சாமிக்கு ஒரு நாயம், இப்போ ஒரு நாயமா?"

டாக்டர் சொன்னபடி மோந்து பார்க்க வாசனை வேண்டுமே என்று அழகேசன் செடி வளர்க்க ஆரம்பித்தார். பட்டறையில் இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் ஆயில் ஐந்து லிட்டர் டப்பாவில் வரும். காலி டப்பாக்களைக் கேட்டு வாங்கி, வாயை அறுத்து, சோப்புத்தூள் போட்டுக் கழுவினார். அடியில் அளவெடுத்துக் கோடு கிழித்து, சம இடைவெளியில் ஒன்பது ஓட்டை போட்டு, பிசிறு எடுத்தார். ஓட்டைகளைப் பார்த்தால் ராக்கெட்டுக்குப் போகும் உதிரி பாகம் போலிருக்கும். புதினா, கொத்தமல்லி, கற்பூரவல்லி, துளசி எல்லாம் வைத்தார். எல்லாம் வளர்ந்தன. காலையும் மாலையும் ஓர் இலையைக் கசக்கி மங்களத்தின் மூக்கருகே நீட்டுவார். மங்களம் கண்ணை மூடி ஆழமாக இழுத்துவிட்டுத் தலையை ஆட்டுவார். இல்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் அழகேசனுக்கு ஒரு சந்தேகம் வந்தது: இலையில் வாசனை இருக்கிறதா? தானே முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் ஆயில் ஆவியில் நின்ற மூக்கு அது. இலைகளைப் பேப்பரில் மடித்து, கீழ் வீட்டில் பிளவுஸ் தைக்கும் ஃபக்ருன்னிசாவிடம் கொண்டுபோனார். தெருவில் யார் வீட்டில் பால் பொங்கியது என்று மிஷினை நிறுத்தாமலே சொல்பவர் அவர்.

ஃபக்ருன்னிசா முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னாண்ணா இது, புதினாவா மிஷின் ஆயிலா? தையல் மிஷினுக்கு ஊத்தலாம் போல கீதே!"

அழகேசனின் முகம் மலர்ந்தது.

"திட்டிக்கினு கீறேன், சிரிக்கிறீங்களே?"

"அப்போ தப்பு அவ மூக்குல இல்லம்மா. டப்பாவுல!"

மாடிக்கு ஓடினார். "மங்களம், ரிஜக்ட் ஆனது உன் மூக்கு இல்ல, என் டப்பா!" என்றார். காய்ச்சலுக்குப் பிறகு மங்களம் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

டப்பாக்கள் காயலான் கடைக்குப் போயின. கைப்பிடி போன குக்கர், ஒழுகும் எவர்சில்வர் வாளி, ரைஸ் குக்கரின் உள்பாத்திரம், பழைய வாஷிங் மிஷினின் டிரம் எல்லாம் பால்கனிக்கு வந்தன. புது மண், புது நாற்று. அடுத்த ஆறு வாரம் அந்த வீட்டில் நிம்மதி. சாம்பார் அதே கடல்தான். ஆனால் பழி டப்பாமீது. இருவரும் ஒன்றுசேர்ந்து டப்பாவைத் திட்டினார்கள்.

ஏழாவது வாரம் புதினா தளதளவென்று நின்றது. காலையில் மங்களம் அதை வெகுநேரம் முகர்ந்தார். வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அழகேசன் ஒரு கொத்தைக் கிள்ளிக்கொண்டு கீழே இறங்கினார்.

"யப்பா! மூக்கே தொறந்துக்கிச்சே!" என்றார் ஃபக்ருன்னிசா. "தெருமுனை வரைக்கும் வீசுது."

"நல்லா பாரும்மா. ஆயில் வாசனை கொஞ்சமாச்சும்..."

"ஒரு சொட்டு இல்ல."

"இன்னொரு தபா மோந்து பாரேன்."

"எத்தினி தபா மோந்தாலும் புதினா புதினாதாண்ணா. இன்னா, நல்லாக்கீதுன்னா மூஞ்சி தொங்கிப் போச்சு?"

ஃபக்ருன்னிசாவின் குரல் மிஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். மாடிக்குக் கேட்காமல் இருக்க வாய்ப்பில்லை. அது அழகேசனுக்கும் தெரியும். இருந்தும் படியேறும்போது அவர் வேறு பதிலைத் தயார் செய்துகொண்டார்.

மங்களம் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். "இன்னா சொல்லிச்சு?"

"ஆயில் வாசன இன்னும் லேசா கீதாம்."

மங்களம் அவரைப் பார்த்தார். பிறகு குக்கரில் நின்ற புதினாவைப் பார்த்தார்.

"நானும் அதான் நெனச்சேன்" என்றார். "மண்ணுல எறங்கியிருக்கும். மாத்திடுங்க."

அழகேசன் உட்கார்ந்து, பழுதே இல்லாத அந்தச் செடியை வேரோடு பிடுங்கினார். மங்களம் கொட்டுகிற மண்ணுக்குப் பழைய பேப்பரை விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டார்.