கால்கள் தாக்குப்பிடித்தன

படுக்கை விரிப்பின் மூலைகளை இழுத்துச் செருகும்போதே நர்ஸ் அக்காவின் உதடுகள் முணுமுணுக்கும். ஒரு மூலைக்கு ‘ஹேங் ஆன்’, அடுத்ததற்கு ‘சோல்ஜர் ஆன்’, கால்மாட்டில் ‘ஸ்டிக் இட் அவுட்’; எல்லாமே தாக்குப்பிடிப்பதற்கான ஆங்கிலம். நோயாளிகள் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

வயது நாற்பத்து நான்கு. வார்டில் எல்லோருக்கும் அக்கா, தலை நரைத்த டாக்டருக்கும்கூட. அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கடல் தாண்டி ஒரு மருத்துவமனை, இந்த ஆண்டு முடியும் வரை அவருக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. குறுக்கே நிற்பது ஆங்கிலத் தேர்வு. எழுதுவது, படிப்பது, கேட்பது மூன்றிலும் குறையில்லை, பேச்சில்தான் சறுக்கல்.

மூன்றாம் முறை போனபோது, கஷ்டமான ஒரு நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். லிஃப்ட் நின்றுபோன அன்று ஒரு நோயாளியை நாற்காலியோடு நான்கு மாடி இறக்கியதைச் சொன்னார் அக்கா. தன் கால்கள் தாக்குப்பிடித்தன என்பதற்கு ‘ஹோல்ட் அவுட்’ வர வேண்டும். பதற்றத்தில் ‘கிவ் அவுட்’ வந்துவிட்டது. கால் துவண்டு விழுந்ததாக அர்த்தம். தேர்வு வைத்த அம்மாள் பதறிப்போய், நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டபோதுதான் அக்காவுக்குத் தவறு புரிந்தது.

“கிவ்வுன்னா கொடுக்கிறதுதானே? பின்னாடி ஒரு பொடி வார்த்தை சேர்ந்தா ஆளையே கவுத்துடுது,” என்று கணவரிடம் பொருமினார்.

பஸ் மெக்கானிக்கான அவர் சவரம் செய்துகொண்டே சொன்னார்: “நம்மகிட்ட மட்டும் என்னவாம்? விட்டுக்கொடு, விட்டுப்பிடி, விட்டுத்தள்ளு. எல்லாம் ஒரே விடுதான்.”

அன்றிலிருந்து அக்கா ஜோடி சேர்த்தே படித்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதற்கு ‘டஃப் இட் அவுட்’. விடாமல் செய்வதற்கு ‘கீப் அட் இட்’. பஸ் படிக்கட்டிலும் அடுப்படியிலும் அதே பாராயணம்.

நான்காம் தேர்வின் முடிவு போன வாரம் காலையில் கணவரின் போனுக்கு வந்தது. அவர் இரண்டு தடவை படித்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார். மற்றதெல்லாம் தேறிவிட்டது, பேச்சில் மட்டும் குறைகிறது. கொஞ்ச நாள் ஆறப்போட்டுப் பார்க்கலாமே என்றும் மெல்லச் சொன்னார்.

“எவ்வளவு குறைச்சல்?”

“அரை மார்க்.”

“போன தடவை ஒண்ணரை.”

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். அடுத்த தேர்வுக்கான தேதிகள் வரிசையாக இருந்தன. கீழே தள்ளிப் பார்க்கவில்லை. முதல் தேதியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.