வில்லங்கம் பார்த்தோம்

மனை வாங்கியவர்கள் "எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம்" என்று சொல்லக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நாங்களும் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம். அதை நினைத்தால் எங்களுக்குப் பத்திரம் பார்த்துக் கொடுத்த வக்கீலைத் தேடிப் போய் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வரலாமா என்றிருக்கும். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அதிலும் எனக்கு வருத்தம்தான்.

எண்பதுகளின் கடைசி அது. குரோம்பேட்டையில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். சுவரில் ஆணி அடித்தால் கீழேயிருந்து வீட்டுக்காரம்மாள் குரல் கொடுப்பாள். மாவு அரைத்தால் தலைமேல் இடி இடிக்கிறது என்பாள். நான் தாம்பரத்தில் டீச்சர். கணவருக்குப் பாரிமுனைப் பக்கம் சர்க்கார் ஆபீஸ். என் சுவரில் நான் ஆணி அடித்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். பொழிச்சலூரில் அண்ணன் தம்பி இரண்டு பேர், செத்துப்போன அப்பாவின் நஞ்சையைப் பிரித்து வெள்ளையடித்த கல் நட்டு மனையாக விற்றுக்கொண்டிருந்தார்கள். என் பி.எப். கடனும் கல்யாண வளையல்களும் அதில் ஒரு மனைக்குப் போயின.

கணவருக்கு லீவு கிடைக்காது, எனக்கு மட்டும் கிடைக்கும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் வில்லங்கம் பார்க்கிற அலைச்சல் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பதிவு அலுவலகத்துக்கு ஓடுவேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவர், "சார் வரலையாம்மா?" என்பார். உள்ளே கிளார்க், "சார் வரலையா?" என்பார். மனை என் பெயரில் என்று சொன்னால், "அது சரி, சார் பேரைச் சொல்லுங்க" என்பார்கள். ஏதோ சாரைத் தொலைத்துவிட்டு நான் புகார் கொடுக்க வந்த மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

நான் பிறந்ததிலிருந்து அன்றைய தேதிவரைக்கும் அந்த நிலத்தின்மேல் யாரும் கடன் வாங்கவில்லை, யாருக்கும் விற்கவில்லை என்று சான்றிதழ் வந்தது. வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு மேடம், கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றார். அந்த அண்ணன் தம்பியின் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழில் மகன்கள் இரண்டு பேர். அதற்கும் மேலே, எதற்கு வம்பு என்று, ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவும் என்று பேப்பரில் அறிவிப்பு கொடுக்கச் சொன்னார். கொடுத்தோம். இங்கிலீஷ் பேப்பரில்! அதில் போட்டால்தான் கோர்ட்டில் மதிப்பு என்றார். அந்தப் பேப்பரை நாங்கள் படித்தோம், வக்கீல் படித்தார். மனை இருந்த தெருவில் ஒருத்தர்கூட அதை வாங்குவதில்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டோம்.

பத்திரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வக்கீலையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம். மனை விற்ற காசில் புதிதாகக் கட்டிய தளம் போட்ட வீடு. சோபாவில் பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கவில்லை. தம்பியும் வந்திருந்தார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு அம்மாள் எல்லோருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள். வக்கீல் டம்ளரை வாங்கிக்கொண்டு, "வேற வாரிசு யாராவது உண்டா? இப்பவே சொல்லிடுங்க" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தாழப் பறந்தது. அது போகிறவரைக்கும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காபி குடித்தோம்.

சத்தம் அடங்கியதும் அண்ணன் சொன்னார்: "வேற யாரு சார் கீறாங்க? நாங்க ரெண்டு ஆம்பளைங்கதான்."

அந்த அம்மாள் தட்டை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் இருந்த அதே அகலமான நெற்றி அவளுக்கும் இருந்தது. எனக்கு உறுத்தியது. "இவங்க யாரு?" என்று கேட்டேன்.

"வூட்டு ஆளுதாம்மா" என்றார் அண்ணன்.

"மேடம், அதெல்லாம் அவங்க குடும்ப விஷயம்" என்று வக்கீல் என்னை அதட்டினார். கணவர் முழங்கையால் இடித்தார். அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பத்திரம் முடிந்தது. தை மாதம் நாள் பார்த்து, கடைக்கால் தோண்ட ஆள் விட்டோம். இடுப்பளவு பள்ளம் எடுத்திருந்தார்கள். ஒருநாள் காலையில் அந்த அம்மாள் வந்தாள். யாரிடமும் ஒன்றும் பேசாமல் பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டாள். கடப்பாரை பிடித்தவர்கள் ஏறி வெளியே வந்துவிட்டார்கள்.

அவள் அந்த அண்ணன் தம்பிக்குக் கூடப்பிறந்த தங்கை என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் செத்ததும் திரும்பி வந்து, இரண்டு வீட்டுக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊர் வழக்கப்படி சீர் செய்து அனுப்பிவிட்டால் பெண்ணின் கணக்கு முடிந்தது. அதனால் வாரிசு யார் என்று கேட்டபோது அண்ணன் பொய் சொல்கிற கூச்சமே இல்லாமல் பதில் சொன்னார். அவர் அதைப் பொய் என்றே நினைக்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம்.

கணவர் போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று குதித்தார். வக்கீலோ, "சர்ட்டிபிகேட்ல அவ பேரு இல்லையே, நான் என்ன பண்றது?" என்று கையை விரித்தார்.

"அன்னிக்கு நான் கேட்டேன் சார். நீங்கதான் என் வாயை அடைச்சீங்க" என்றேன்.

"நீங்க கேட்டதை ரெக்கார்டுல போட முடியுமா மேடம்?" என்று சிரித்தார். படித்த சிரிப்பு அது. அறையலாம் போலிருந்தது.

நான் பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றேன். எனக்கு அவள்மேலும் கோபம்தான். பத்திரத்துக்கு முன்னால் வந்து சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா?

"டீச்சர், என்னைத் தெரிதா?" என்றாள்.

"காபி குடுத்தீங்களே."

"குடுத்தேன். நல்லா குடிச்சீங்க. இது யாரு, இன்னான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேனே! நீங்க நிக்கும்போதுதானே உங்க அண்ணன்கிட்ட கேட்டேன்."

"அவங்களத்தானே கேட்டே? என்னைக் கேட்டியா? அங்கியேதானே நின்னுகினு இருந்தேன். எனுக்கு வாய் இல்லியா?"

'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. நான் ஒருத்திதான் கேட்டேன் என்று அதுவரைக்கும் தலை நிமிர்ந்து நின்றவள், அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பாகப்பிரிவினை வழக்கு போட்டாள். எங்கள் மனையையும் அதில் சேர்த்திருந்தாள். கடைக்கால் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று, தவளை குடியேறி, கோரை முளைத்தது. நாங்கள் குரோம்பேட்டை மாடியிலேயே ஆணி அடிக்காமல் இருந்தோம். வருஷக்கணக்கில் வாய்தா. தங்கைக்கு எல்லாம் தெரியும், அவள் சம்மதத்தோடுதான் விற்றோம் என்று அண்ணன் தம்பிகள் சாதித்தார்கள். அன்று வீட்டில் நடந்ததைச் சொல்ல வெளி ஆள் என்று நாங்கள்தான். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள்.

அதற்கு முதல் நாள் வக்கீல் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "அவளைப் பார்த்தேன், யாருன்னு கேட்டேன்னு நீங்களே சொன்னா, சந்தேகம் இருந்தும் வாங்கினீங்கன்னு ஆயிடும். மனை கையை விட்டுப் போகும். அந்த வீட்டுல வேற பொம்பளை யாரையும் பார்க்கலைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

கணவர் கோர்ட்டுக்குப் போகிற செங்கல்பட்டு பஸ்ஸிலும் அதையேதான் சொன்னார். "பார்க்கலைன்னு ஒரு வார்த்தை. நாக்கு தேஞ்சா போயிடும்?"

அவருக்கும் பயம். எனக்கு அது புரியாமல் இல்லை. போனால் போவது என் வளையல், என் சம்பளம், என் சுவர். கூண்டில் ஏறினேன். எதிரே அவள் சுவரோரமாக, தட்டு இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கும் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"பார்த்தேன்" என்றேன். "எங்களுக்கு இவங்கதான் காபி குடுத்தாங்க. ரெண்டு ஆம்பளைங்கதான் வாரிசுன்னு அண்ணன் சொன்னப்ப இவங்க பக்கத்துலயே நின்னாங்க. நான் யாருன்னு கேட்டதுக்கு வீட்டு ஆளுன்னார்."

என் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கணவர் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. பேசாமலே காபி மட்டும் கேட்கத் தெரிந்தது அவருக்கு.

தீர்ப்பில் அவளுக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. விற்றுவிட்ட மனைகளை அண்ணன் தம்பி பங்கில் கழித்துக்கொண்டு, மீதியிருந்த நிலத்தில் அவளுக்கு ஒதுக்கினார்கள். எங்கள் மனை தப்பியது. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று கணவர் பிறகு சொந்தக்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஒருவழியாக வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்கு நானே போய் அவளை அழைத்தேன். வந்தாள். ஹாலில் புது நாற்காலியில் உட்காரவைத்து, என் கையால் காபி கொடுத்துவிட்டு சமையலறைக்குப் போனேன். அப்போதுதான் கணவரின் பெரியண்ணன் வந்தார். உள்ளே நுழைந்ததும், அவளைத் தாண்டிக்கொண்டு போய் என் கணவரிடம், "யாருடா இது?" என்று கேட்டார்.

கரண்டியோடு வெளியே வந்து, புரோகிதர் மந்திரத்தை நிறுத்துகிற அளவுக்குக் கத்தினேன்: "அவங்க அங்கதானே உக்காந்திருக்காங்க? அவங்களையே கேளுங்க!"

பெரியண்ணன் வேறு வழியில்லாமல் அவள் பக்கம் திரும்பி, "நீங்க யாரும்மா?" என்றார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது எங்க நைனா வாங்குன நெலம். நான் அவுரு பொண்ணு" என்றாள்.