பெரிய உடம்புச் சுற்று

குவிண்டெல் தன் பொன்னிறக் கால்சட்டையின் இடுப்பைப் பிரித்து, இரு பக்கமும் ஓர் அங்குலம் உள்ளே தள்ளி மறுபடி தைத்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது முறை. விரல்கள் விறைத்து ஊசி நழுவியது. ஜூன் மாத பால்டிமோர் புழுக்கத்தில் யாருக்கும் விரல் விறைக்காது. சாப்பிடாதவனுக்கு விறைக்கும்.

வலோரா குடும்பத்துக்கு ஐந்து வருடமாக அவன்தான் தையல்காரன். ஆண் ஆணை விரும்பினான், மகன் மகளாக மாறினான் என்று பெற்ற வீடு கதவைச் சாத்திய கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் பிள்ளைகளும் சேர்ந்து ஆக்கிக்கொண்ட குடும்பம். தலைவி வெர்லீன், ஐம்பதை நெருங்கும் திருநங்கை. முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. எல்லோருக்கும் அவள்தான் அம்மா. உடை, உடம்பு, முகம் என்று சுற்றுச் சுற்றாக நடக்கும் நடைப் போட்டிக்கு அவள் பெயர் கொடுத்தால்தான் ஒருவர் குடும்பத்தின் பெயரில் மேடையில் நடக்கலாம். பதினெட்டுப் பேருக்கு உடை தைத்த குவிண்டெல் ஒரு முறைகூட நடந்ததில்லை. 'குவிண்டெல் வலோரா' என்று ஒரே ஒரு தடவை மைக்கில் கூப்பிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில் குடும்பமாக நின்று புகைப்படம் எடுத்தார்கள். அவனுக்கு மிகவும் நெருங்கியவனான ஒஸ்மார் அப்போது, "குவின், நீ பின்னாடி போய் நில்லுடா. நாங்களும் படத்துல தெரிய வேணாமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். துணை தேடும் செயலியில் 'குண்டர்கள் வேண்டாம்' என்று வெள்ளைக்காரர்கள் எழுதியதை அவன் பொருட்படுத்தியதில்லை. ஆனால் தன் ஆட்களும், கறுப்பர்களும் லத்தீன்காரர்களும், அதையே எழுதியிருந்தார்கள். படம் எடுத்த அன்றிலிருந்து சோற்றைக் குறைத்தான். பிறகு நாள்கணக்கில் பட்டினி கிடந்தான். பத்து மாதத்தில் எழுபது பவுண்டு போயிற்று. குளிருக்காக ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு தடித்த மேலாடைகள் அதை மறைத்தன. முகம் வற்றியிருக்கிறதே என்று கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்றான். முதியோர்களின் தட்டில் எவ்வளவு மிச்சம் என்று தினமும் குறித்துவைக்கிற வெர்லீன், தன் பிள்ளையின் தட்டைப் பார்க்கவில்லை.

இந்த வருடப் போட்டியை நடத்தியது வலோரா குடும்பம்; ஞாயிறு மதியம், வாடகைக்கு எடுத்த கூடத்தில். அழகான உடம்புக்கென்று உள்ள வழக்கமான சுற்றில் தன் பெயரைக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று குவிண்டெல் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தபோது வெர்லீன் மைக்கைப் பிடித்தாள்.

"இந்த வருஷம் புதுசா ஒரு சுத்து வெச்சிருக்கேன். பெரிய உடம்புக்காரங்களுக்கு மட்டும். எம்புள்ள ஒருத்தன் அஞ்சு வருஷமா ஊசிக்குப் பின்னால ஒளிஞ்சிட்டிருக்கான். குவிண்டெல் வலோரா! வெளிய வாடா ராஜா!"

கூடம் அதிர்ந்தது. மேலாடைகளைக் கழற்றிவிட்டு அவன் நடந்தான். பெரிய உடம்பு இருந்த இடத்தில் தளர்ந்த தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கைதட்டல் பாதியில் நின்றது.

"ஏ கண்ணு, நான் கோழி கேட்டேன், எலும்பை அனுப்பியிருக்காங்க!" என்றான் அறிவிப்பாளன்.

ஐந்து நடுவர்களில் முதலாமவளே கையைக் குறுக்காக வெட்டிக் காட்டினாள். வெளியே போ என்று அர்த்தம். "தப்பான சுத்துக்கு வந்துட்ட செல்லம்," என்றாள். அவள் மேல் தப்பில்லை.

மேடைக்குப் பின்னால் ஒஸ்மார் அழுதுகொண்டு நின்றான். "சும்மா கிண்டலுக்குச் சொன்னேன்டா. சத்தியமா."

"தெரியும்டா," என்றான் குவிண்டெல்.

வெர்லீன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன.

"அம்மா, அடுத்த சுத்துல என் பேரக் குடு. வழக்கமான சுத்துல. இன்னும் பத்துப் பவுண்டு போனா…"

"வாய மூடு. கடைசியா எப்ப சாப்பிட்ட?"

"வெள்ளிக்கிழம."

"பாவி! நீ இருக்கிறபடியே வேணும்னுதானேடா உனக்காக அந்தச் சுத்த வெச்சேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு படம் எடுக்கறப்ப நீயுந்தானே சிரிச்ச?"

 வெர்லீன் சமையலறைக்குப் போய்ப் பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி ஒரு தட்டு கொண்டுவந்தாள். அவன் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போகும் சீருடையிலேயே அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் எடை பார்த்து எண்ணை உரக்கச் சொன்னாள். போன வாரம் அவன் வீட்டில் பார்த்ததைவிட மூன்று பவுண்டு குறைவு. குவிண்டெலின் முகம் அவனை மீறி மலர்ந்தது. வெர்லீன் அதைப் பார்த்துவிட்டாள். முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு இன்றைக்கு வரமாட்டேன், நாளைக்கும் வரமாட்டேன் என்றாள். பிறகு நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.