இறால் தின்ற மத்தியானம்

மாம்பழம்தான் எங்களை இலங்கைக்குக் கொண்டுபோனது. நாகரசம்பட்டியில் எங்கள் தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும் கிருஷ்ணகிரி வியாபாரி, கொழும்பில் ஒரு பழக்கடையோடு புதிதாகப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். "நீங்களும் வந்து பாருங்க, கூட்டமாப் போனா நல்லாருக்கும்" என்றார். பாய், அவர் மனைவி, நான், என் கணவர், என் நாத்தனார் என்று ஐந்து பேர் கிளம்பினோம். ஐம்பதுகளின் பிற்பாதி அது. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை.

நாத்தனாரை, கன்னடம் புழங்கும் எல்லையோர ஊரான ஜூஜுவாடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் போன பிறகு நிலத்தைத் தனியாகவே பார்த்துக்கொண்டவர். சானமாவுக் காட்டில் யானை நின்ற வழியில் மாட்டு வண்டியைத் திருப்பாமல் ஓட்டிவந்தவர் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அவரிடம் பயம் கலந்த மரியாதை.

கொழும்பில் வேலை முடிந்ததும், கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தெற்கே காலி என்ற ஊருக்குப் போகும் ரயிலில் ஏறினோம். தண்டவாளத்துக்குக் கொஞ்சம் தள்ளி கடல். அலை உடைந்தால் நுரை பெட்டிக்குள் வந்துவிடும்போல இருந்தது. தென்னைகள் தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்து கிடந்தன. நாத்தனார் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

பாய் மட்டும் வெளியே பார்க்கவில்லை. "இங்க இப்ப மொழிச் சண்டை நடக்குது. நாலு பேர் இருக்கிற இடத்துல தமிழ்ல சத்தமாப் பேசாதீங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

"என்னா பாய், ஊமையாட்டம் உக்காரச் சொல்றீங்களா? நமக்குத்தான் கன்னடம் இருக்கே" என்றார் நாத்தனார். அப்புறம் வழியெல்லாம் கன்னடத்திலேயே பேசிக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பெட்டியில் யாராவது எங்களைத் திரும்பிப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

வழியில் ஒரு மீனவ ஊரில் இறங்கினோம். கரையோரம் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு பெண் சமைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பரிசிச் சோறு, கறுப்பாகப் புளிப்பேறிய மீன், தேங்காய்ப் பால் விட்ட நண்டு, மிளகாய் போட்டுப் புரட்டிய இறால். ஏரி மீன் தவிர வேறொன்றும் தின்றறியாத நாங்கள் தயங்கினோம். முதலில் கை வைத்தவர் நாத்தனார்தான். இறாலை ஒவ்வொன்றாக உரித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். "ஊருக்கு வாரிக்கிட்டுப் போகலாம் போலிருக்குடி" என்றார். ஆண்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டு, பாறைப் பக்கம் நடந்து வருகிறோம் என்று போனார்கள்.

அவர்கள் கண் மறைந்த கொஞ்ச நேரத்தில் நாத்தனார் கையைச் சொறிய ஆரம்பித்தார். கழுத்தில் திட்டுத் திட்டாகத் தடித்தது. உதடு வீங்கியது. "தொண்டைய என்னமோ புடிக்குதுடி" என்றார். அந்தக் குரல் அவருடையதாகவே இல்லை. அடுத்த மூச்சுக்கு அவர் வாயைப் பிளந்தார்.

"அய்யோ, அக்கா!" என்று கத்தினேன். பாயின் மனைவி என் கையைப் பிடித்தார். "சத்தம் போடாத கண்ணு, யாராச்சும் வந்துருவாங்க."

"யாராச்சும் வரட்டுங்க!" என்று கையை உதறிவிட்டு ஓடினேன். சற்றுத் தள்ளி நாலைந்து ஆண்கள் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். வாயில் வந்ததெல்லாம் தமிழ். "அக்காவுக்கு மூச்சு வரல! யாராச்சும் வாங்க!"

அவர்கள் கை நின்றது. அதில் வாட்டசாட்டமான ஒருவர் எழுந்து என்னை நோக்கி வேகமாக வந்தார். நான் பின்வாங்கினேன். அவர் என்னைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனார். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தார், சிங்களத்தில் ஏதோ கத்தினார், அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். வந்த பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றார். நானும் பாயின் மனைவியும் பின்னாலேயே ஓடி ஏறினோம்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிக் கேட்டார். எனக்கு இரண்டும் தெரியாது. இறால் என்று புரியவைக்க, சுட்டுவிரலை வளைத்து, மீசைபோல இன்னொரு கையை ஆட்டி, வாயைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டார். ஊசி போட்டார்.

பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. நாத்தனாரின் நெஞ்சுக்குழி உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். அது நின்றுவிட்டால் என் கணவரிடம் என்ன சொல்வது? மெல்ல மெல்ல அவர் மூச்சில் கேட்ட விசில் சத்தம் குறைந்தது. அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். கண்ணில் தண்ணீர். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தூக்கிவந்தவர் திரும்பிப் போய், பாறைப் பக்கம் தேடி, என் கணவரையும் பாயையும் கூட்டிவந்தார். கூடவே அந்தச் சமையல்காரப் பெண்ணும் வந்திருந்தாள். உள்ளே வராமல் வாசல் மரத்தடியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் விசாரித்துவிட்டு டாக்டர் இங்கிலீஷில் சொன்னதைப் பாய் எங்களுக்குச் சொன்னார்: "நாம அவ மேல பழி போடுவோம்னு பயப்படுறா. தமிழ்க்காரங்களுக்கு வெஷம் வெச்சுட்டான்னு பேச்சு கிளம்பிடும்னு."

அவ்வளவு நேரமும் பயம் எங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே தங்கினோம். காலையில் நேராகக் கொழும்புக்குத் திரும்பலாம் என்றார் என் கணவர். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "அவ கையால ஒருவாய் தின்னுட்டுத்தான் வருவேன்."

"உசுரு போயிருக்கும்க்கா!"

"அது எறா. சோறு என்னாடா பண்ணுச்சு?"

மறுபடி அந்தக் கொட்டகைக்குப் போனோம். கடல் முந்தின நாளைவிட நீலமாக இருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் புதுச் சட்டியில் சோறு வடித்து, தேங்காய்ச் சம்பல் மட்டும் அரைத்து வைத்தாள். வலைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். வீங்கிய உதட்டோடு நாத்தனார் முதல் கவளத்தை எடுத்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதையே எல்லோரும் பார்த்தோம். இலை காலியானது. கடைசியில் அவர் இலையை மடித்துவிட்டு, "நல்லாருக்குது தாயி" என்றார், சத்தமாக, தமிழில்.