பஸ் இரண்டு, போர்ட் மூன்று

மாத்தளை டவுனில் ஒரு சரக்குக் கடையின் மேல்மாடியில் எங்கள் கம்பியூட்டர் வகுப்பு இருந்தது. கீழே மிளகும் கராம்பும், மேலே நாங்கள். இரண்டுக்கும் ஒரே முதலாளி. மிளகைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். கம்பியூட்டரைப் பற்றி, அதுதான் எதிர்காலம் என்பது மட்டும் தெரியும். அந்த எதிர்காலத்தை எட்டுப் பேருக்குப் படிப்பிக்க நான் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தேன். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. சோதனைச் சாவடியில் எல்லாருடைய அடையாள அட்டையையும் பார்ப்பார்கள். என்னுடையதை மட்டும் வாசிப்பார்கள்.

வகுப்புக்குப் புதிதாக ஓர் அறை கட்டி முடிந்ததும், திறந்து வைக்க முதலாளி ஓர் அரசியல்வாதியை அழைத்தார்.

"எண்ணெ வெளக்கு எல்லாரும்தான் ஏத்துறாங்க தம்பி. நம்ம ஐயா கம்பியூட்டர்ல தட்டணும், லைட் தானா எரியணும். செய்வீங்கதானே?"

கொழும்பிலிருந்து வாங்கி வந்த யுஎஸ்பி மேசை விளக்கொன்றை என் கையில் கொடுத்தார். பாம்புபோல் வளையும் கழுத்து, நுனியில் வெள்ளை வெளிச்சம். செய்வேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அகந்தை இருந்தது.

விளக்குக்கு மூளை இல்லை என்பது நான்கு நாள் கழித்துத்தான் புரிந்தது. கொழுவினால் எரியும், கழற்றினால் அணையும், அவ்வளவுதான். விளக்குக்குக் கட்டளையிட முடியாது. ஆனால் அதைக் கொழுவுகிற ஹப் என்ற பெட்டிக்கு, இந்தத் துளைக்கு மின்சாரத்தை நிறுத்து என்று சொல்லலாம். எல்லா ஹப்பும் கேட்காது. வகுப்பிலிருந்த மூன்றில் இரண்டு, கட்டளையை ஏற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தன. அரசாங்கக் கந்தோர்களுக்கு அலைந்து பழகியவன் என்பதால் எனக்கு அது புதிதாகப் படவில்லை. மூலை உடைந்த மூன்றாவது ஹப் மட்டும் சொன்னதைச் செய்தது.

சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி, பக்கத்தில் பஸ் இலக்கம், போர்ட் இலக்கம், கடைசியில் ஒன்று அல்லது பூச்சியம். ஒன்று என்றால் விளக்கு எரியும். பஸ் என்பது கம்பியூட்டருக்குள் தகவல் போகும் பாதை, போர்ட் என்பது வயர் கொழுவும் துளை. இதைப் பிறகு நான் பலமுறை விளக்க வேண்டி வந்தது.

விழாவுக்கு முதல் நாள் காலையில், அரசியல்வாதியின் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார். சிங்களத்தில்தான் பேசினோம்.

"இதைத் தட்டினால் என்ன நடக்கும்?"

"அந்த லைட் எரியும் சேர்."

"லைட்டுக்குப் பதிலாக வேறு எதையாவது கொழுவினால்?"

படிப்பிக்கிறவனுக்கு யாராவது நல்ல கேள்வி கேட்டால் சந்தோஷம் வந்துவிடும். "அதுவும் வேலை செய்யும் சேர்" என்றேன்.

அதிகாரி என் அடையாள அட்டையைக் கேட்டார். நின்று நிதானமாக வாசித்தார். கால் மணி நேரத்தில் நானும் விளக்கும் புரோகிராம் அச்சடித்த தாளும் ஜீப்பில் இருந்தோம். முதலாளி படிக்கட்டில் நின்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அவர் தற்காலிகமா வர்ற ஆள்தான்."

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி சிவப்புப் பேனாவோடு தாளைப் பார்த்தார். பஸ் என்ற சொல் வந்த இடமெல்லாம் கோடு போட்டார். பதினொரு இடம்.

"எந்த பஸ்?"

"அது பஸ் இல்லை சேர், பாதை."

"எந்தப் பாதை? போர்ட் மூன்று என்றால் எந்தத் துறைமுகம்?"

பின்பக்கம் வியர்த்து, உட்கார்ந்திருந்த வாங்கில் ஒட்டிக்கொண்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பை விழுங்கியதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். என் வாக்குமூலம் சிங்களத்தில் வளர்ந்தது. பேசுவேன், வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் எங்கள் வகுப்பில் டைப்பிங் படிப்பிக்கும் சிங்கள அக்கா உள்ளே வந்தார். கம்பியூட்டர், திரை, உடைந்த ஹப் எல்லாவற்றையும் ஒரு த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முதலாளியிடம் கேட்டீர்களா என்ற என் கேள்விக்கு, "கேட்டா தரமாட்டாரு மல்லி" என்றார் தமிழில், 'தம்பி'யை மட்டும் சிங்களத்தில் விட்டு.

பொறுப்பதிகாரியின் மேசையிலேயே எல்லாவற்றையும் கொழுவினோம். கட்டளையை நான் சொல்ல, அவரே ஒற்றை விரலால் தட்டினார். விளக்கு எரிந்தது. பூச்சியம் தட்டினார், அணைந்தது. மறுபடி ஒன்று, மறுபடி பூச்சியம். வெளியே காத்திருந்தவர்களை மறந்து கொஞ்ச நேரம் அப்படியே செய்துகொண்டிருந்தார். நாட்டின் பாதுகாப்பு அதோடு உறுதியானது.

அக்கா வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசி வரி: "மேற்படி விளக்கு, விளக்கு மட்டுமே என்று இவர் கூறுகிறார்." கையெழுத்துப் போட்டேன். என்னை விட்டார்கள். விளக்கை விசாரணைக்கு வேண்டுமென்று வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பித்தளைக் குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றி விழா நடந்தது. அரசியல்வாதி மெழுகுவர்த்தியால் ஐந்து திரியையும் ஏற்றிவிட்டு, தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். என்னை முன் அறைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்ததால், பின்னால் நின்று பேச்சை மட்டும் கேட்டேன். அக்காவும் முன்னால் போகவில்லை. இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம்.

ஒரு மாதம் கழித்து முதலாளி நோட்டீஸ் அடித்தார். 'கணினி மூலம் மின்விளக்கை இயக்கும் நவீன பயிற்சி' என்று அதில் ஒரு வரி. பல்லேகமவிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

"வெளக்கு எங்க முதலாளி?" என்று கேட்டேன்.

"அது இல்லாம சொல்லிக் குடுங்க தம்பி. நமக்கு எதுக்கு வம்பு?"

கரும்பலகையில் சோக்கட்டியால் ஒரு விளக்கு வரைந்தேன். கழுத்து வளைவு நன்றாகவே வந்தது. இரண்டு பேரும் ஒன்று என்று தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"எரியுதுன்னு எழுதிக்கங்க" என்றேன்.