மூன்று நாளுக்கு மேல் வைத்த இறைச்சி

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். மதரசாவில் ஒரு வருடம்கூட முழுதாக இருக்காதவன் மார்க்க விசயம் எழுதினால் எங்கள் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். இறைச்சி வெயிலில் காயும் வாசம் நினைவில் வந்தால் என் கை சும்மா கிடப்பதில்லை.

அந்த முறை ஹஜ்ஜுப் பெருநாள் செவ்வாய்க்கிழமை வந்தது. பெருநாளுக்கு அறுத்த குர்பான் இறைச்சியில் ஏழைகளின் பங்கும் சொந்தக்காரரின் பங்கும் போனபின், எங்கள் பங்கை உம்மா உப்பும் மஞ்சளும் பிரட்டி நூலில் கோர்த்து முற்றத்துக் கொடியில் தொங்கவிட்டார். புத்தளத்திலிருந்து ராத்தா, என் அக்கா, சனிக்கிழமை வருவதாக இருந்தது. வயிற்றில் பிள்ளை, எதைத் தின்றாலும் வாந்தி. காய்ந்த இறைச்சிப் பொரியல் மட்டும் வேண்டும் என்று போனில் உம்மாவிடம் அழுதிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

காகம் விரட்டுவது என் வேலை. கொடிக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருப்பேன். சோளகக் காற்று நூலை மெல்ல ஆட்டும். வெயில் ஒவ்வொரு துண்டுக்குள்ளாலும் சிவப்பாக வடிந்து இமையில் விழும். கண் தானாகச் சொருகும். காகம் உண்மையில் வந்ததா, கனவில் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. இரண்டுக்கும் பொதுவாகக் கையை வீசிவைப்பேன்.

மதரசாவிலும் எனக்கு ஜன்னலோர இடம்தான். குர்பான் இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் எனப் பாடம் நடத்திய ஹஸ்ரத் சொன்னது வரை நன்றாகக் கேட்டது. பிறகு வெளியே பனையோலை சரசரத்தது. அதற்கப்பால் ஒன்றும் நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பாயில் கிடந்தபடி விரல்விட்டு எண்ணினேன். நாலாம் நாள்!

"உம்மா, இதை இன்னும் தொங்கவிட்டிருக்கிறீங்க. பதுக்கல் முதலாளி ஆகீட்டீங்களோ?"

"காகத்தைப் பாரடா, கதைக்காமல்" என்றுவிட்டு உம்மா பக்கத்து வீட்டுக்கு யாசீன் ஓதப் போனார்.

உம்மாவை நரகத்திலிருந்து காப்பாற்றுவது என்று முடிவெடுத்தேன். கொடியை வெறுமையாக்கி, ஐந்து பைகளில் போட்டு, சைக்கிளை எடுத்தேன். நாலு பை எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு. கடைசிப் பை குருநகரில், என்னோடு படித்து இப்போது மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் கத்தோலிக்கக் கூட்டாளியின் வீட்டுக்கு. அவன் இல்லை, அவனுடைய அம்மா வாங்கிக்கொண்டார். திரும்பும்போது கடற்காற்றில் சைக்கிள் மிதப்பது போலிருந்தது. நன்மை செய்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் உம்மா வெறும் கொடியைப் பார்த்தபடி நின்றார்.

"மூண்டு நாளைக்கு மேலை வைக்கக் கூடாது, உம்மா. ஹதீஸ் இருக்கு."

"மற்றப் பாதி எங்கையடா?"

"எந்தப் பாதி?"

"அந்த வருசம் மதீனாவுக்குப் பசியோடை சனம் வந்திருந்தது. அதாலைதான் வைக்க வேண்டாமெண்டது. அடுத்த வருசம் தின்னுங்கோ, குடுங்கோ, எடுத்தும் வையுங்கோ எண்டு சொல்லியாச்சு. நீ நித்திரையோ?"

உம்மா ஏசவில்லை.

"உன்ரை ராத்தாவுக்கடா" என்று மட்டும் சொன்னார். "ரெண்டு கிழமையா ஒரு வாய்ச் சோறு அவளுக்கு இறங்கேல்லை."

எங்கள் தெருவில் நாலு வீட்டிலும் பொரியும் வாசம் அப்போதே வந்துகொண்டிருந்தது. வராவிட்டாலும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கேவலம் என்ற ஹதீஸ் எனக்கு முழுதாகத் தெரியும். அன்று எப்படியோ முழித்திருந்திருக்கிறேன்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து அதே பாயில் படுத்தேன். கொடி காற்றில் சும்மா ஆடியது. காகம் ஒன்று வந்து, கொடியைப் பார்த்து, என்னையும் பார்த்துவிட்டுப் போனது. கூட்டாளிக்குப் போனில் எழுதினேன்:

"மச்சான், நாளைக்கு ராத்தா வாறா. அவவுக்கு வைச்ச இறைச்சியையும் சேர்த்து உங்கடை வீட்டிலை குடுத்திட்டன். திருப்பிக் கேக்கேல்லை. ருசி எப்பிடியெண்டு மட்டும் சொல்லு, நான் அவவுக்குச் சொல்லுறன்."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது:

"இண்டைக்கு வெள்ளியடா விசரா, நாங்கள் இறைச்சி தொடமாட்டம்; அம்மா நாளைக்கெண்டு அப்பிடியே எடுத்து வைச்சிருக்கிறா, ராத்தாவைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வா."